காலியா என்று பார்த்த எடுபிடி

அன்று காலை அலுவலகத்துக்குள் நுழையும்போதே அக்காவுக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. அங்கே அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளைவிட மூத்தவர்கள்கூட. வீட்டிலும் அவள் அக்காதான். புருஷனோடு ஒத்துவராமல் பெட்டியும் கையுமாக வந்து இறங்கிய தங்கை, இரட்டைக் கைக்குழந்தைகளோடு முன்னறையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று கண் மூடினால் இன்னொன்று கண் திறக்கும். இரண்டும் பேசி வைத்துக்கொண்டு முறைபோட்டு அழுகின்றனவோ என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம். அக்காவின் கணவன் தலையணையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குக் குடிபோய்விட்டான். தங்கையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அவளும் பாவம், நின்றுகொண்டே தூங்குகிறாள்.

அந்த நிறுவனத்தின் வேலை, நடமாட முடியாத நோயாளிகளை வீட்டு வாசலிலிருந்து வேனில் ஏற்றிச் சிகிச்சை நிலையத்தில் இறக்கி, மறுபடி வீட்டில் கொண்டுபோய் விடுவது. எந்த வேன் யார் யாரை எந்த வரிசையில் ஏற்ற வேண்டும் என்பதைக் கணினி பார்த்துக்கொள்ளும். கணினியை அக்காவும் இன்னும் சிலரும் பார்த்துக்கொள்வார்கள்.

கதவைத் தள்ளியதும் வரவேற்பறை நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். நிறுவனத்தின் நீலச் சட்டைதான் போட்டிருந்தார், ஆனால் மார்பில் இருக்க வேண்டிய அடையாள அட்டை இல்லை. தொப்பியை முழங்காலில் மாட்டி வைத்துக்கொண்டு, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். வடக்கு வட்டார வேன் ஓட்டுநர் என்று அவளுக்கு முகம் தெரியும், பேசியது இல்லை.

"யாரையாவது பார்க்கணுமாண்ணே?" என்று கேட்டாள்.

"மேலாளரைத்தான். வரச் சொன்னாங்க, வந்தேன். இப்ப பார்க்க முடியாதுன்னாங்க, உட்கார்ந்திருக்கேன்."

அவள் தலையாட்டிவிட்டு நகர்ந்தாள். வேறென்ன செய்வது? அவளுக்கே தலைக்கு மேல் வேலை.

மேலாளர் அவளை உடனே கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை, எதையும் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரக்காரர், அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வெளியில உட்கார்ந்திருக்காரே, பார்த்தியாம்மா? அவரை நேத்து நிறுத்தி வச்சாச்சு. வட்டாரத்தோட கடைசி வீட்ல ஒரு அம்மா. நீச்சல் டீச்சரா இருந்தவங்க. பக்கவாதம், ஒரு கால் வரல. தினம் கால் பயிற்சிக்குப் போகணும். இந்த ஆளு மூணு வாரமா அந்த வீட்டுக்கே போகல."

"ஏனாம்?"

"வண்டில இருக்கிற மெஷின்ல அந்தம்மா பேர் வரலையாம். பேர் வரலன்னா சிகிச்சை முடிஞ்சிருக்கும்னு நினைச்சாராம். கதையைப் பாரேன்! தூரத்து வீடு, அதனால அங்கதான் முதல்ல போகணும். காலைல தூக்கத்தை விட்டு எழுந்திரிக்க மனசில்ல, அதான் விஷயம். நம்ம கணக்குல பேர் இருக்கு, 'அனுப்பியாச்சு'ன்னும் இருக்கு. இன்னைக்கு அவங்க பேரைப் பக்கத்து வட்டாரத்துக்கு மாத்தி, அந்த வண்டியை அனுப்பினேன். அந்த டிரைவர் மெஷின்ல பேர் அழகா வந்துச்சு. வாசல் வரைக்கும் போயிட்டாரு."

"ஏறிட்டாங்களா?"

"எங்க ஏறினாங்க? 'இனி நான் வரதா இல்ல'ன்னு கதவைச் சாத்திட்டாங்களாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "நீ ஒண்ணும் பெருசா பண்ண வேண்டாம். மென்பொருள்ல கோளாறு எதுவும் இல்லன்னு ரெண்டு வரி எழுதிக் குடு. மதியத்துக்குள்ள அவரை அனுப்பிடலாம்."

அனுப்பிடலாம் என்றால் வீட்டுக்கு. ஒரேயடியாக.

அக்கா தன் மேசைக்கு வந்து அந்த இரண்டு வரியை எழுதவும் ஆரம்பித்தாள். எழுதி முடித்திருந்தால் ஐந்து நிமிட வேலை. ஆனால் இத்தனை வருஷப் பழக்கம் விடவில்லை. கோளாறு இல்லை என்று எழுதினால் அதற்கு ஒரு ஆதாரம் ஒட்டியாக வேண்டும். நேற்றைய முன்பதிவுகளை எடுத்து, வடக்கு வட்டாரத்துக்கான வரிசையைத் தன் கணினியிலேயே ஒரு தடவை ஓட்டிப் பார்த்து, இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறது பாருங்கள் என்று காட்டிவிட்டால் தீர்ந்தது.

ஓட்டினாள். வந்த வரிசையைப் பார்த்தாள். காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

முன்பதிவில் முதலில் இருந்த நீச்சல் டீச்சர், வேனுக்குப் போகும் வரிசையில் இல்லை.

தூக்கக் கலக்கத்தில் தவறான தேதியை எடுத்துவிட்டோமோ என்று முந்தின நாளை ஓட்டினாள். இல்லை. அதற்கு முந்தின நாளிலும் இல்லை. பக்கத்து வட்டாரத்தை ஓட்டினால் எல்லாரும் ஒழுங்காக வந்து நின்றார்கள். வடக்கில் மட்டும் முதல் ஆளைக் காணவில்லை. மற்றவர்கள் எல்லாம் நூல் பிடித்த மாதிரி இருந்தார்கள்.

தூக்கம் எங்கோ ஓடிப்போயிற்று. களைப்பு மட்டும் போகவில்லை, அது தோளிலேயே உட்கார்ந்திருந்தது.

அவர்களுடைய நிரலில் எடுபிடிகள் என்று ஒரு தொகுப்பு உண்டு. கணினியில் அதற்கு வேறு பெயர், ஆட்கள் வாயில் புழங்குவது இது. அக்கா வேலையில் சேர்ந்த புதிதில் தானே உட்கார்ந்து எழுதியது. வரிசையாக இருக்கும் எதையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க இட்டரேட்டர் என்று ஒன்றை நிரல் எழுதுகிறவர்கள் வைத்திருப்பார்கள். அதற்குத் தெரிந்தது ஒரே வேலை. 'அடுத்தது' என்றால் அடுத்ததைக் கொடுக்கும், தீர்ந்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்லும். பின்னால் திரும்பத் தெரியாது. மொத்தம் எத்தனை என்று கேட்டால் முழிக்கும். அப்படிப்பட்ட ஆளை வைத்து வேலை வாங்கக் கூடமாட நாலு பேர் வேண்டுமல்லவா? அதற்குத்தான் எடுபிடிகள். வரிசையில் முதல் சிலரை மட்டும் வாங்கித் தர ஒன்று. இன்னார் வேண்டாம் என்றால் அவரைத் தள்ளிவிட ஒன்று. வேனுக்கு இத்தனை பேர் என்று கட்டுக் கட்டாகப் பிரிக்க ஒன்று. இரண்டு வரிசைகளை ஜோடி சேர்க்க ஒன்று. எல்லாமே குட்டிக் குட்டியானவை, ஐந்தாறு வரிக்கு மேல் போகாதவை. எல்லாரும் எல்லா இடத்திலும் அவற்றைத்தான் கூப்பிட்டு வேலை வாங்குவார்கள், யாரும் உள்ளே திறந்து பார்ப்பதில்லை.

அவற்றில் ஒன்றின் பெயர் காலியா. இன்றைக்கு இந்த வேனுக்கு ஆள் உண்டா, இல்லை வண்டி காலியா என்று பார்த்துச் சொல்வது அதன் வேலை. எப்படிப் பார்க்கும்? வரிசையிடம் 'அடுத்தது' என்று கேட்கும். ஒருவர் வந்தால் காலி இல்லை. வந்தவரை என்ன செய்யும்? ஒன்றும் செய்யாது. கையிலிருந்து அப்படியே விட்டுவிடும்.

அக்கா எழுதிய காலத்தில் அதனால் ஒரு பாதகமும் இல்லை. அப்போது பெயர்கள் எல்லாவற்றையும் முதலிலேயே மொத்தமாக வாங்கி நினைவில் அடுக்கி வைத்துக்கொள்வார்கள். காலியா ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாலும், அடுத்து வருகிறவன் முதலிலிருந்து புதிதாகத் தொடங்கலாம். மூன்று வாரத்துக்கு முன்புதான் அதை மாற்றினார்கள். ஆட்கள் பெருகிக் கணினி திணற ஆரம்பித்ததும், மொத்தமாக வாங்காமல் தேவைப்படும்போது ஒவ்வொருவராக வாங்கிக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. முதலில் வடக்கு வட்டாரத்தில் மட்டும் வெள்ளோட்டம். இந்தப் புது வழியில் ஒருவரை எடுத்தால் எடுத்ததுதான். திரும்ப முதலிலிருந்து தொடங்க முடியாது.

ஆக, தினமும் காலையில் காலியா போய்க் கேட்கும். நீச்சல் டீச்சர் வருவார். ஆள் இருக்கிறது என்று காலியா வந்து சொல்லும். வேனுக்கு இரண்டாம் ஆளிலிருந்துதான் பெயர்கள் போகும். முன்பதிவில் எல்லாருக்கும் மொத்தமாக 'அனுப்பியாச்சு' என்று விழுந்துவிடும்.

புது வழியை எழுதியவன் பக்கத்து மேசையில் இருந்தான். நிரலுக்கு நடுவே நீளமாகவும் உருக்கமாகவும் குறிப்பு எழுதுவான் என்பதால் அவனுக்குக் கவிஞர் என்று பெயர். அக்கா நாற்காலியை உருட்டிக்கொண்டு அவனிடம் போனாள்.

"கவிஞரே, இங்க கொஞ்சம் பாரு."

அவன் பார்த்தான். கெட்டிக்காரன், அவள் விரலை வைத்ததுமே புரிந்துகொண்டான். முகம் வெளிறிப் போயிற்று.

"ஐயோ. காலியா முதல் ஆளைத் தின்னுடுதாக்கா?"

"தின்னுடுது."

"அடுத்த வாரம் எல்லா வட்டாரத்துக்கும் போக இருந்துச்சே இது..."

"ஆமா."

பிறகு அவன் குரலைத் தணித்துக்கொண்டான்.

"அக்கா, இது சின்னத் திருத்தம். எடுத்த ஆளை ஓரமா வச்சுக்கிட்டு, அடுத்த தடவை கேட்கும்போது அவரையே முதல்ல குடுன்னு சொல்லிட்டா போதும். நீங்க சாப்பிட்டு வரதுக்குள்ள முடிச்சிடுவேன். யார்கிட்டயும் சொல்ல வேண்டாமே?"

"வெளியில ஒருத்தர் உட்கார்ந்திருக்காரே, அவரு?"

"சரியாச்சுன்னா அவங்களே பார்த்து எடுத்துப்பாங்கக்கா. இல்லன்னாலும் நல்ல டிரைவருக்கு வேலையா கிடைக்காது? எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல. வீட்ல நிலைமை உங்களுக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும். அவன் மனைவிக்குப் பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் சொன்னதில் அவள் மனம் சாயாமலும் இல்லை. அமைதியாகத் திருத்திவிட்டு, நேரத்தோடு கிளம்பிப் போய், குழந்தைகள் இரண்டும் ஒன்றாகத் தூங்கும் அபூர்வமான அரைமணி நேரம் வாய்த்தால் தானும் படுத்துவிடலாம். யார் வந்து கேட்கப் போகிறார்கள்?

ஆனால் அந்த இரண்டு வரி இன்னும் அவள் திரையில் பாதியில் நின்றுகொண்டிருந்தது. மேலாளருக்கு எதையாவது கொடுத்தாக வேண்டும். பொய் எழுதிக் கொடுத்தால் சும்மா விடாது, அதை நாளைக்கும் அடுத்த மாதமும் ஞாபகம் வைத்துக்கொண்டு அதற்கேற்றபடி பேச வேண்டும். அவ்வளவுக்கெல்லாம் அவளிடம் தெம்பு இல்லை.

"நீ திருத்து," என்றாள். "நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."

"என்னன்னு சொல்லப் போறீங்க?"

"நடந்ததை."

மேலாளர் முதலில் நம்பவில்லை. பிறகு நம்பினார். நம்பியதும் கோபம் வந்தது. எழுந்து சன்னல் வரை போய்த் திரும்பினார்.

"யாரோட தப்பு இது?"

"யாரோடதுன்னு ஒருத்தரைச் சொல்ல முடியாது சார். பழசு தனியா சரி, புதுசும் தனியா சரி. ரெண்டும் சேர்ந்த இடத்துல ஆள் விழுந்துட்டாங்க."

"இந்தத் தத்துவம் எல்லாம் எனக்கு வேண்டாம். மேல கேட்பாங்க, நான் ஒரு பேர் சொல்லணும். சொல்லு."

அக்கா ஒரு கணம் யோசித்தாள். கவிஞரைக் காப்பாற்றி நல்ல பெயர் வாங்க வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. இந்த அறையை விட்டு வெளியே போனால் போதும் என்றுதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், தன் பெயரையே சொல்வதில் உண்மையும் இருந்தது. காலியா அவள் எழுதியது. பார்க்கும்போது ஒருவரை எடுத்துவிடும், ஜாக்கிரதை என்று ஒரு வார்த்தை அதன் தலையில் எழுதி வைத்திருந்தால் கவிஞர் கண்ணில் பட்டிருக்கும்.

"காலியா என்னோடது. என் பேரையே எழுதிக்கங்க சார்."

மேலாளர் அவளை ஒரு மாதிரி பார்த்தார். இவ்வளவு சுலபமாக ஒரு பெயர் கிடைக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, கடைசியில் சொன்னார்: "சரி. அப்ப நீயே நாளைக்குக் காலைல அந்த வண்டில உட்கார்ந்து போ. முதல் ஆள் ஏறுறாங்களான்னு உன் கண்ணால பார்த்துட்டு எனக்குச் சொல்லு. அந்த டிரைவரை வரச் சொல்லு."

வரவேற்பறையில் நாற்காலி காலியாக இருந்தது. காத்திருந்து காத்திருந்து அவர் போய்விட்டிருந்தார். கைபேசியில் கூப்பிட்டால் அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகக் குரல் வந்தது. நாளைக் காலையில் வண்டி கிளம்ப வேண்டும். வேறு வழியில்லாமல் முகவரியை வாங்கிக்கொண்டு சாயங்காலம் அக்காவே போனாள். பேருந்தில் இரண்டு தடவை தலை முன்சீட்டில் இடித்தது.

ஓட்டுநரின் வீடு ஒரு பழைய அடுக்கு மாடிக் கட்டடத்தில், தரைத்தளத்தில் இருந்தது. பின்பக்கத்து முற்றத்தில் அவர் மனைவி கொடியிலிருந்து காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார். ஓட்டுநர் கீழே உட்கார்ந்து பக்கத்து வீட்டுச் சைக்கிளின் சங்கிலியைக் கழற்றிப் போட்டிருந்தார். சும்மா இருக்க முடியாதவர் போலும். அக்காவைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

"எழுதிக் குடுத்தாச்சா? கையெழுத்துப் போடணுமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே. உங்க மேல தப்பு இல்ல. பேர் உங்க மெஷினுக்கு வரவே இல்ல. எங்க கணினில கோளாறு. நாளைக்கு நீங்க வேலைக்கு வரணும், அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை. திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வா. இவங்க சொல்றதைக் கேளு."

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றார் மனைவி, துணியை மடித்தபடி.

"கிட்ட வந்து கேளு. நான் தூங்கலையாம்."

"நான் எப்பங்க நீங்க தூங்கினீங்கன்னு சொன்னேன்?"

"சொல்லல. ஆனா நேத்து ராத்திரி அலாரத்தை ரெண்டா வச்சியே, எதுக்கு?"

மனைவி மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தார். அக்காவுக்குச் சங்கடமாக இருந்தது. வேலை போனதைவிட, மனைவியே நம்பவில்லை என்று காட்டிய அந்த இரண்டாவது அலாரம்தான் இந்த மனிதரைக் காலையெல்லாம் அந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எப்படிம்மா ஒரு ஆள் பேரு மட்டும் காணாமப் போகும்?" என்று மனைவி அக்காவைக் கேட்டார். சந்தேகமாக அல்ல, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அக்கா கொடியடியில் இருந்த கூடையைக் காட்டினாள். "இந்தக் கூடைல துணி இருக்கா இல்லையான்னு பார்க்க ஒருத்தரை அனுப்புறீங்கன்னு வைங்க. அவரு கையை விட்டு ஒண்ணை எடுத்துப் பார்க்கிறாரு. இருக்குன்னு வந்து சொல்றாரு. எடுத்ததைத் திருப்பிக் கூடைல போடல. அதுக்கப்புறம் நீங்க கூடையைத் தூக்கிட்டு உள்ள போயிடுறீங்க."

"அப்ப அந்தத் துணி?"

"அங்கேயே கிடக்கும்."

"யாரும் எடுக்கலையா?"

"யாருக்கும் தெரியாது. அவர் பார்த்துட்டு வரத்தானே போனாருன்னு எல்லாரும் இருந்துட்டோம்."

"தினமுமா?"

"தினமும் அதே துணி."

மனைவி கணவனைப் பார்த்தார். அவர் சைக்கிள் சங்கிலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி, உட்காருங்க, டீ போடுறேன்," என்றார் மனைவி, பொதுவாக இருவருக்கும். உள்ளே போகிற வழியில் கணவனின் தோளில் இருந்த ஒரு நூலை எடுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"வருவீங்கல்ல அண்ணே?" என்று கேட்டாள் அக்கா.

"வரேன். வராம?" என்றார் அவர். "ஆனா அந்த டீச்சரம்மா இனி என் வண்டில ஏற மாட்டாங்க. பாருங்க."

மறுநாள் காலை, ஓட்டுநரின் மெஷினில் முதல் பெயராக நீச்சல் டீச்சர் வந்து நின்றார். அக்கா பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டாள். வண்டி நகரத்தின் ஓரமாகப் போய், கடைசித் தெருவில், கடைசி வீட்டில் நின்றது. சன்னல் திரை லேசாக விலகி மூடிக்கொண்டது. யாரும் வரவில்லை.

ஓட்டுநர் இறங்கிப் போய் மணியை அடித்துவிட்டுத் திரும்பி வந்தார். "சொன்னேன்ல?"

அக்கா இறங்கினாள். கதவு ஒரு சாண் திறந்தது. உயரமான, அகன்ற தோள்களுடைய பெண்மணி, கைத்தடியில் சாய்ந்து நின்றார். வலது கால் தரையில் சரியாகப் பதியவில்லை.

"நேத்தே சொல்லி அனுப்பிட்டேனே. எனக்கு வண்டி வேண்டாம்."

"அம்மா, டிரைவர் மேல தப்பு இல்ல..."

"தப்பு யார் மேல இருந்தா எனக்கென்ன? மூணு வாரம் இந்த வாசல்ல நின்னேன். நாற்காலி கூடப் போட்டுக்கல, வண்டி வந்தா எழுந்திரிக்க நேரமாகுமேன்னு. கட்டையைப் பிடிச்சுக்கிட்டு மாடிப்படி ரெண்டு ஏறினவ நான். இப்ப அது போச்சு. போன் பண்ணா, உங்க பேரை அனுப்பியாச்சு, அனுப்பியாச்சுன்னு ஒரே பாட்டு. நீ யாரு?"

"கணினில அந்த வரிசையை எழுதுறவ."

"என் பேரை எழுதலையா?"

"எழுதினேன். நீங்கதான் முதல் ஆளு. ஆள் இருக்கான்னு பார்க்க உங்களை எடுத்துட்டு, திருப்பி வைக்காம விட்டுட்டேன்." கூடக் கொஞ்சம் சொல்ல வேண்டும் போல இருந்தது. மன்னிப்பு என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. அந்தக் காலைப் பார்த்ததும் அது ரொம்பச் சின்னதாகப் பட்டு உள்ளேயே நின்றுவிட்டது. "திருத்தியாச்சும்மா. ஆனா உங்க மூணு வாரத்தை என்னால திருத்த முடியாது."

நீச்சல் டீச்சர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பல வருஷம் குளக்கரையில் நின்று, தண்ணீருக்குள் யார் மூச்சு வாங்குகிறார்கள் என்று கவனித்த பார்வை.

"நீ கடைசியா எப்ப ஒழுங்காத் தூங்கின?"

"வீட்ல ரெண்டு கைக்குழந்தை," என்றாள் அக்கா. "என் தங்கச்சியோடது."

கதவு இன்னும் கொஞ்சம் திறந்தது. "உள்ள வந்து உட்காரு. நான் வரேன்னு சொல்லல. ஷூ போட்டுப் பார்க்கிறேன், அதுக்கே நேரமாகும். கட்டிவிட வராதே. நானே கட்டிக்குவேன்."

முன்னறையில் ஒரு சாய்வு நாற்காலி இருந்தது. அக்கா அதில் நுனியில்தான் உட்கார்ந்தாள். உள்ளறையில் தடி தட்டும் சத்தமும், இழுத்து வைக்கும் காலின் சத்தமும், நடுவில் டீச்சர் தன் காலையே திட்டிக்கொள்வதும் கேட்டன. சன்னலுக்கு வெளியே ஓட்டுநர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அழுகிற குழந்தை எதுவும் அந்த வீட்டில் இல்லை. அவ்வளவுதான் அவளுக்கு ஞாபகம்.

தோளில் தடியின் நுனி பட்டதும் விழுந்தடித்துக்கொண்டு எழுந்தாள். நீச்சல் டீச்சர் கோட்டு மாட்டிக்கொண்டு, இரண்டு கால்களிலும் ஷூவோடு நின்றார். இடது ஷூவின் நாடா ஒழுங்காக இருந்தது. வலதுகாலில் முடிச்சு கோணலாக இருந்தது, ஆனால் இறுக்கமாக இருந்தது.

"வாம்மா. அடுத்த வீட்ல ஆள் காத்துக்கிட்டிருப்பாங்க. அவங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து பலகையை இறக்கினார். டீச்சர் அவரைப் பார்க்காமலே ஏறினார். இருக்கையில் அமர்ந்து, பட்டையை மாட்டி முடித்த பிறகு, அவரது பின்தலையைப் பார்த்து, "உங்களைப் பத்திப் புகார் சொன்னது நான்தான்," என்றார்.

"தெரியும் டீச்சர்."

"வேலை போச்சா?"

"ஒரு நாள் போச்சு."

"எனக்குக் கால் போச்சு. ஓட்டுங்க."

கண்ணாடியில் ஓட்டுநரின் முகத்தில் சிரிப்பா என்னவோ ஒன்று வந்து போனது. வண்டி கிளம்பியது. அக்கா மேலாளருக்கு 'ஏறிட்டாங்க' என்று ஒரு சொல் மட்டும் அனுப்பினாள்.

அறிக்கையில் அவள் பெயர்தான் போயிற்று. தலை போகிற அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. எடுபிடிகளில் இனி யார் கை வைத்தாலும் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று விதி வந்தது, அதனால் எல்லாருக்கும் வேலை கூடியது, அதற்காகச் சிலர் அவளைப் பார்த்து முணுமுணுத்தார்கள். கவிஞர் ஒரு வாரம் அவள் கண்ணைப் பார்க்காமல் நடந்தான். வாய் திறந்து தன் பங்கைச் சொல்லவில்லை. அவளுக்கு அது கொஞ்சம் வலித்தது, பேசித் தீர்க்கத்தான் அலுப்பாக இருந்தது. பிறகு அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது, எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தான், அவளுக்கு இரண்டாகக் கொடுத்தான். வாங்கிக்கொண்டாள்.

நீச்சல் டீச்சர் விட்டுப்போன படிகளை மறுபடி முதலிலிருந்து ஏறிப் பழக வேண்டியிருந்தது. அந்த வேனிலேயே போய் வந்தார். ஓட்டுநரோடு வழி நெடுக வாக்குவாதம், எந்தத் தெருவில் திரும்பினால் சீக்கிரம் போகலாம் என்று. இருவரில் யார் சொன்னது சரி என்பது அக்காவுக்குத் தெரியாது. காலையில் வடக்கு வட்டார வரிசை போனதும் ஒரு தடவை திறந்து, முதல் பெயரைப் பார்த்துவிட்டு மூடுவாள். பிறகு, தூக்கம் கலையக் காப்பி எடுக்கப் போவாள்.